தரை மட்டும் என்னுடையது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால். இன்னும் முக்கால் மணி நேரத்தில் வீட்டுவசதிச் சங்கத்தின் ஆய்வாளர் வரப்போகிறார். ஹிஸ்கே மண்டியிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் டூகே சமையலறை வாசலில் வெறும் காலுறையோடு நின்றான். எங்கள் ட்ராக்டனில் ஊரே ஷூவோடுதான் வீட்டுக்குள் நடக்கிறது. அவன் வீட்டில் அது நடக்காது.

"துடைச்சுத் துடைச்சே தரையைக் கெடுத்துட்டேன்னு உன் மேல பழி. அந்த ஆள் வர்ற நேரத்துல துணியும் கையுமா உக்காந்திருக்கணுமா?"

"அதுக்குத்தான் துடைக்கிறேன். வந்து பாக்கட்டும்."

பக்கத்தில் வாளி இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். துணியை நனைத்து முறுக்கினாள். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் இன்னொரு முறுக்கு. பலகைகள் ஓடும் திசையிலேயே நீளமாக ஓர் இழுப்பு. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தரையில் விழுந்த ஈரம் ஒரு நிமிடத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். காயாவிட்டால் துணியில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். பதினோரு வருடமாக அந்த வீட்டில் இதுதான் சட்டம்.

நாற்பது வினாடியில் காய்ந்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது உள்ளே வெறும் கான்கிரீட்தான் இருந்தது. இங்கே அதுதான் வழக்கம். சுவர், ஜன்னல், குழாய் எல்லாம் சங்கத்தின் சொத்து. தரை போடுவது குடியிருப்பவர் பாடு. டூகே அப்போது இடுப்பு வலியில் படுத்திருந்தான். அவனுடைய அக்கா யன்னா, "பஸ் ஓட்டுறவளுக்குத் தரை போட வருமா? ஆள் வச்சுக்கோ" என்று சிரித்தாள். அன்று இரவுப் பணி முடித்து வந்த ஹிஸ்கே மறுநாளே மரத்தூளை அழுத்திச் செய்த லேமினேட் பலகைகளை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆறு நாள் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகக் கோத்து, தனியாகவே போட்டு முடித்தாள். வாடகை வீட்டில் அவளுக்கென்று இருப்பது அந்தத் தரை ஒன்றுதான்.

போன மாதம் கணவனும் மனைவியும் டெர்ஸ்கெல்லிங் தீவுக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். நாலு வருடம் கழித்துக் கிடைத்த விடுமுறை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற யன்னாவிடம் சாவி கொடுத்தார்கள். திரும்பி வந்தால் வாளி சமையலறை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வீடு முழுக்கப் பச்சை சோப்பு வாசனை. கூடத்தில் சமையலறைச் சுவரோரம் பலகைகள் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

"நீ துடைச்சியா?" என்றாள் ஹிஸ்கே போனில்.

"துடைச்சேன்" என்றாள் யன்னா. "அழுக்கா இருந்துச்சு."

ஹிஸ்கேயின் தரையில் அழுக்கு! அன்றோடு பேச்சு நின்றது. செப்டம்பர் ஒன்பது யன்னாவின் பிறந்தநாள். எங்கள் ஊர் வழக்கப்படி கழிவறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டர் தினமும் நாலு தடவை அதை நினைவூட்டியது. இருந்தும் ஹிஸ்கே போகவில்லை. எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அவமானத்தை ஒருவருக்குச் செய்துவிட முடியாது.

அதற்கடுத்த நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. 'அளவுக்கு மிஞ்சிய ஈரத் துடைப்பால் உங்கள் லேமினேட் தரை சேதமடைந்து, கட்டடத்தில் ஈரம் பரவுகிறது. இரண்டு வாரத்துக்குள் தரை முழுவதையும் அகற்றவும்.' ஹிஸ்கே மறுத்து எழுதினாள். மறு ஆய்வு கேட்டாள். அந்த நாள்தான் இன்று.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. வாசலில் யன்னா. அறுபத்திரண்டு வயது, விறைத்த முதுகு, கையில் தன் வீட்டு வாளி.

டூகேயின் முகம் வெளுத்தது. "இவளை யார் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றாள் ஹிஸ்கே.

"'செவ்வாய் பத்து மணி. வாளியோட வா'ன்னு செய்தி அனுப்பிச்சிருந்தா" என்று யன்னா தம்பியிடம் சொன்னாள். தம்பி மனைவி அங்கே இல்லாதது போலத்தான் பேச்சு. "குற்றவாளி ஆயுதத்தோட வந்திருக்கேன்னு சொல்லு அவகிட்ட."

"ஷூவைக் கழட்டச் சொல்லு அவளை" என்றாள் ஹிஸ்கே.

"கழட்டிட்டேன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் நேரா பேசிக்கக் கூடாதா?" என்றான் டூகே பரிதாபமாக.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவனை முறைத்தார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

சரியாகப் பத்துக்கு ஆய்வாளர் ரோஸ்மா வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் கருவிப் பை. 'ஷூவோடு உள்ளே வரட்டும், வைத்துக்கொள்கிறேன்' என்று ஹிஸ்கே காத்திருந்தாள். அவரோ பையிலிருந்து இரண்டு நீல உறைகளை எடுத்து ஷூ மேல் மாட்டிக்கொண்டார். கைக்கு வந்த சண்டை நழுவிப்போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவர் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியைத் தரையருகே கொண்டுபோனார்.

"குத்தாதீங்க!"

"ஈரம் அளக்கிற மீட்டர் மேடம்."

"தெரியும். மேல ஓட்டை போட்டா அது வழியா தண்ணி இறங்கும். நாளைக்கு அதையும் என் துடைப்புன்னு எழுதுவீங்க. மேல குத்த வேண்டாம், அடியில பாருங்க. நான் பிரிச்சுக் காட்டுறேன்."

"அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க." ரோஸ்மா கோப்பைப் புரட்டினார். "முதல்ல வந்து பார்த்தவங்க போட்டோ எடுத்திருக்காங்க. பலகை வீங்கியிருக்கு. லேமினேட் வீங்கினா நூத்துக்குத் தொண்ணூறு காரணம் தண்ணி விட்டுத் துடைக்கிறது. நான் பாக்காததா?"

"அவங்க வாசப்படியில நின்னு எடுத்த போட்டோ. நீங்க முட்டி போட்டுப் பாருங்க."

ரோஸ்மா தயங்கினார். பிறகு முட்டி போட்டார்.

கூடத்தின் குறுக்கே வெள்ளை ஒட்டு நாடாக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு தேதி. வீக்கம் அன்றன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது என்ற கணக்கு. பதினாறாம் தேதிக் கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் இடையே நாலு விரல்கடை இருந்தது. இதைக் கண்டுபிடித்த ராத்திரியைத்தான் போன வாரம் படித்தீர்கள்.

"எப்பவோ ஒரு நாள் துடைச்ச தண்ணி ஒரு மாசம் கழிச்சும் நடந்து போகுமா?" என்றாள் ஹிஸ்கே. "யன்னா, நீ எங்கெங்க துடைச்சேன்னு இவர்கிட்ட சொல்லு."

அது நேராகச் சொன்ன முதல் வாக்கியம். யன்னா அதைக் கவனித்தாள்.

"கூடம் முழுக்க" என்றாள். "ஒரு வாளி வெந்நீர், ரெண்டு மூடி பச்சை சோப்பு. தரைன்னா அப்படித்தான் துடைக்கணும். கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி காஞ்ச துணியால தடவிவிட்டா அதுக்குப் பேர் துடைப்பா?"

ஹிஸ்கே பல்லைக் கடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா? கூடம் முழுக்க. பச்சை சோப்பு. அந்தப் பிசுபிசுப்பைப் போக்க எனக்கு ஒரு வாரமாச்சு. துடைச்சதுல வீங்கியிருந்தா கூடத்து நடுவுல பலகை சேர்ற இடமெல்லாம் விளிம்பு தூக்கியிருக்கணும். எங்க தூக்கியிருக்கு, காட்டுங்க."

ரோஸ்மா கையால் தடவிப் பார்த்தார். நடுக்கூடம் கண்ணாடி போலச் சமமாக இருந்தது. சுவரோரம் மட்டும் பலகைகள் மொத்தமாக மேலே எழும்பியிருந்தன.

"பிரிங்க" என்றார்.

ஹிஸ்கே சுவரோரப் பட்டையை நெம்பி எடுத்தாள். முதல் பலகையின் ஓரத்தைச் சாய்வாகத் தூக்கி, மெல்ல அசைத்தாள். டக் என்று பூட்டு விட்டது. அவள் கையால் பூட்டியது. இரண்டாவது டக், மூன்றாவது டக்.

பலகையைத் திருப்பிப் பிடித்தாள். மேல்பக்கம் காய்ந்து பளபளத்தது. அடிப்பக்கம் கறுத்து, காபியில் ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை ரோஸ்மா விலக்கினார். கான்கிரீட்டில் தண்ணீர் நின்றது. சுவர் தரையைத் தொடும் இடத்தில், பொறுமையாக, ஒரு சொட்டு உருவாகி வழிந்தது.

இன்னொரு சொட்டு வழிந்தது.

"சுவருக்குள்ள போற குழாய்" என்றார் ரோஸ்மா.

"யாரோட குழாய்?"

"சங்கத்தோடது."

ஹிஸ்கே கண்ணை மூடித் திறந்தாள். அழவில்லை. அழுதால் அந்த ஈரத்தையும் கடிதத்தில் சேர்த்துவிடுவார்கள்.

"அப்போ தரை இருக்கும்" என்றாள்.

"கெட்டுப்போன பலகையை மாத்தணும். மத்தது இருக்கலாம். ஆனா ஒண்ணு கேக்கணும். படிவத்துல இருக்கு." ரோஸ்மா பேனாவைத் திறந்தார். "தண்ணியை முதல்ல எப்ப பாத்தீங்க? ஏன் கேக்கிறேன்னா, பாத்த அன்னிக்கே சங்கத்துக்குச் சொல்லணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. சொல்லாம விட்டா, கெட்டதும் உங்க பொறுப்பு, தரையை எடுக்கிறதும் உங்க பொறுப்பு."

"ஆகஸ்ட் இருபத்துமூணு. ஊர்லேருந்து வந்த அன்னிக்குத்தான் வீக்கத்தைப் பாத்தோம். மறுநாளே போன் பண்ணிட்டேன்."

ரோஸ்மா எழுதப் போனவர் நிறுத்தினார். யன்னாவைப் பார்த்தார்.

"நீங்க அதுக்கு முன்னாடியே துடைச்சிருக்கீங்க. எதுக்கு?"

"அழுக்கா இருந்துச்சு" என்றாள் யன்னா.

"ஆளில்லாத வீடு. யாரும் நடக்கல. என்ன அழுக்கு?"

இவ்வளவு எளிய கேள்வியை ஒரு மாதமாக யாரும் கேட்கவில்லை. ஹிஸ்கேகூடக் கேட்கவில்லை. கோபம் வந்தால் காது எங்கே வேலை செய்கிறது?

யன்னா வாளியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்வை ஒரு கணம் தம்பி மேல் விழுந்து விலகியது. டூகே தன் காலுறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ஹிஸ்கே அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள். பலகையைக் கீழே வைத்தாள்.

"டூகே."

"ம்?"

"உனக்குத் தெரியுமா?"

காலுறையில் பதில் எழுதியிருக்கவில்லை போலும். அவன் நிமிர்ந்தான்.

ஹிஸ்கேவுக்கு எல்லாம் புரிந்தது. யன்னா துடைத்தது அழுக்கை அல்ல, கசிந்த தண்ணீரை. கூடவே இன்னொன்றும் புரிந்தது. ரோஸ்மாவின் பேனா இன்னும் காத்திருக்கிறது. அந்த மனிதர் யன்னாவிடம்தான் கேட்டார், யன்னா வாயைத் திறக்கப் போவதில்லை. இருபத்துமூன்று என்றே விட்டுவிட்டால் தரை பிழைத்துவிடும். ஜெயம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

தன் தரையில் அழுக்கு என்ற ஒரு பொய்யை ஒரு மாதமாகப் பொறுக்க முடியாமல் துடித்தவள் அவள். இப்போது அதே தரையின் மேல் இன்னொரு பொய்யைத் தன் கையாலேயே ஊற்றுவதா?

"தேதியைச் சொல்லு டூகே. இவர் எழுதணும்."

"ஹிஸ்கே, வேண்டாம். நாம ஜெயிச்சுட்டோம். விடு."

"தேதி."

"...ஆகஸ்ட் பதினாலு." அவன் குரல் இறங்கியது. "யன்னா போன் பண்ணினா. சுவரோரம் தண்ணி நிக்குதுன்னா. துடைச்சுவிடு, வந்து பாத்துக்கிறேன், ஹிஸ்கேகிட்ட மட்டும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். சொன்னா நீ அன்னிக்கே கப்பல் ஏறியிருப்பே. நாலு வருஷம் கழிச்சு அந்த வாரம்தான் நீ சிரிச்சே."

"வந்த பிறகு?"

"வந்த பிறகு நீ யன்னா மேல பாஞ்சுட்டே. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ஒரு மாசமாவா தெரியல? உன் அக்கா பிறந்தநாளுக்கு நான் போகல. நீ தனியாப் போய், வட்டமா போட்ட நாற்காலியில உக்காந்து கேக் தின்னுட்டு வந்தே. அப்பவும் தெரியலியா?"

டூகே தலை குனிந்தான்.

"என் சிரிப்புக்கு நீ காவல் நிக்க வேண்டாம்" என்றாள் ஹிஸ்கே. "என் தரை, என் கப்பல், என் விடுமுறை. திரும்பி வர்றதா, அங்கேயே இருந்து சிரிக்கிறதான்னு நான் முடிவு பண்ணிக்குவேன்."

ரோஸ்மா சங்கடத்தோடு இருமினார். "இது உங்களுக்கு எதிராப் போகும் மேடம். எழுதட்டுமா?"

"எழுதுங்க. குழாய் உங்களுது, தாமதம் எங்களுது. ரெண்டையும் எழுதுங்க. ஆனா ஈரத் துடைப்புன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிச்சுடுங்க. என் கண் முன்னாடி அடிங்க."

அவர் கோப்பை முழங்கால் மேல் வைத்து, அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"முடிவு ஆபீஸ்லதான். பதினாலாம் தேதி தெரிஞ்சும் சொல்லலேன்னா தரையை எடுக்கச் சொல்லத்தான் வாய்ப்பு அதிகம்" என்று சொல்லிவிட்டு, கீழே போய்த் தண்ணீரை அடைக்கக் கிளம்பினார். நீல உறைகளை வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கதவு மூடிக்கொண்டது. இரண்டு பெண்களும் ஒரு டூகேயும் மிஞ்சினார்கள்.

ஹிஸ்கே யன்னாவின் முன்னால் போய் நின்றாள்.

"சத்தியம் வாங்கினான், சரி. நான் அவ்வளவு பேசும்போதாவது உடைச்சிருக்கலாமே?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னா சொல்ல மாட்டேன்" என்றாள் யன்னா. "நீ பேசின பேச்சுக்கு, சொல்லாம இருக்கிறதே எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. என்னிக்காவது உனக்கே தெரியும், அன்னிக்கு உன் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்தேன்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. நெனச்ச அளவுக்கு நல்லா இல்ல."

"தண்ணி சுவரோரம்தானே நின்னுச்சு? கூடம் முழுக்க எதுக்குத் துடைச்சே?"

"வாளியை எடுத்தாச்சு. பாதியில விட மனசு வரல."

ஹிஸ்கேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "தப்பு என்னுது, யன்னா" என்றாள் சிரிப்புக்கு நடுவிலேயே. "பிறந்தநாளுக்கு வராததும் தப்பு. இப்ப வர்றேன். உன் வீட்டுக்கு. காபி குடிக்க."

யன்னா விறைத்தாள். முன்கூட்டிச் சொல்லாமல் அடுத்தவர் வீட்டுக்குக் காபிக்குப் போவது எங்கள் ஊரில் கிடையாது. டைரியைப் பார்த்து, நாள் குறித்து, அப்புறம்தான் கெட்டில் அடுப்பேறும்.

"நான் இன்னும் கூப்பிடலியே!"

"கூப்பிட வேண்டாம். வர்றேன்."

"வீடு துடைக்காம கிடக்கு."

"காஞ்ச துணி ஒண்ணு எடுத்துட்டு வரவா?"

யன்னாவின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

டூகே கோட்டை எடுக்கக் கை நீட்டினான். ஹிஸ்கே தலையசைத்தாள்.

"உனக்கு இங்க வேலை இருக்கு. சுவரோரம் நாலு வரிசையையும் பிரி. ஒவ்வொரு பலகைக்கும் பின்னால நம்பர் போட்டு அடுக்கு. நல்ல பலகையோட பூட்டு ஒண்ணு உடைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

"எனக்கு இடுப்பு வலி..."

"எனக்கும் அன்னிக்கு முட்டி வலிச்சுது."

அவர்கள் படியிறங்கும்போது முதல் மாடிக் கதவு திறந்தது. பொஸ்துமா தாத்தா. எண்பது வயது, வீட்டுச் செருப்பு, கையில் பாதி உரித்த ஆரஞ்சு.

"மேல என்ன டக்கு டக்குன்னு சத்தம்?"

"தரையைப் பிரிக்கிறோம் பொஸ்துமா. ஈரத் துணியால துடைச்சுக் கெடுத்துட்டேன்னு சங்கத்துல கடிதம் போட்டுட்டாங்க."

"அட, எனக்கும் அப்படி ஒண்ணு வந்துச்சே!" கிழவர் உள்ளே போய், குறுக்கெழுத்துப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்த தாளை எடுத்து வந்தார். "சுவர் ஈரமா இருக்குன்னு சொன்னேன். பதிலுக்கு இதை அனுப்பிச்சாங்க. வேற யாருக்கோ வந்ததுன்னு வச்சுட்டேன். பேர் மட்டும் என்னுது."

ஹிஸ்கே வாங்கிப் படித்தாள். 'அளவுக்கு மிஞ்சிய ஈரத் துடைப்பால் உங்கள் லேமினேட் தரை சேதமடைந்து...' எழுத்துக்கு எழுத்து அதே கடிதம்.

அவள் நிமிர்ந்து, கிழவரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவரிலிருந்து சுவர் வரை, முப்பது வருடப் பழசான கருஞ்சிவப்புக் கார்ப்பெட் விரிந்து கிடந்தது. பொஸ்துமா வீட்டில் லேமினேட் ஒரு துண்டுகூடக் கிடையாது.

"தேதியப் பாரு" என்றாள் யன்னா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

ஜூலை இரண்டு. டெர்ஸ்கெல்லிங் கப்பல் ஏறுவதற்கு ஒரு மாதத்துக்கும் முன்னால். டூகே போனை மறைத்த பதினாலாம் தேதிக்கு ஆறு வாரம் முன்னால். அந்தச் சுவரில் ஈரம் இருப்பது சங்கத்துக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

படிக்கட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். தண்ணீரை அடைத்துவிட்டு வந்த ரோஸ்மா காரின் பின்கதவைத் திறந்து பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் போட்டுப் பேசினாலே பக்கத்து வீட்டுத் திரைச்சீலை விலகும் தெரு அது. ஹிஸ்கே ஜன்னலை முழுக்கத் திறந்தாள். பஸ் ஸ்டாண்டில் கத்திப் பழகிய குரலை அப்படியே எடுத்தாள்.

"ரோஸ்மா! பேனாவை மூடாதீங்க! நாங்க ரெண்டு பேரும் வர்றோம்!"